கஷாயத்தின் முதல் மடக்கு

நேற்று எனக்கு வந்த காய்ச்சலுக்காக மருமகள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் கையில் போட்டாள். நாக்கில் கசப்பு ஒட்டியதும் எனக்கு ஒரு ராஜா கதை ஞாபகம் வந்தது. மாத்திரைக்கும் ராஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

ஐந்தாவதோடு நின்றவள் நான். ஆனால் எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். தொண்ணூற்றெட்டு வாக்கில், மிளகு வாங்க வந்த வியாபாரி மலைமேல் எங்கள் வளப்பூர் வீட்டில் ஒரு தடிப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து அரண்மனைக் கதை. ராஜாவின் அண்ணன் 'நான், நான்' என்று தானே கதையைச் சொல்லிக்கொண்டு போவான். நோயில் கிடக்கும் தம்பிக்குத் தன் கையால் மருந்து கொடுப்பான். முதல் மடக்கைத் தான் குடித்துக் காட்டுவான். உருகிப்போய்ப் படித்தேன். கதை சொல்கிறவனே பொய் சொல்வான் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பாதிக்கு மேல் அவனே உளறுகிறான்: பட்டம் தம்பிக்குப் போன வயிற்றெரிச்சலில் மருந்தில் நஞ்சு கலந்தானாம். தனக்கு மட்டும் முன்னாலேயே நஞ்சை முறிக்கும் மாற்று மருந்து. கொடுத்துவிட்டு அழவும் செய்கிறான். அந்த அழுகைதான் என்னை மிரட்டியது.

அப்போது என் வீட்டுக்காரரும் காய்ச்சலில் கிடந்தார். கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். மருந்து கொடுப்பவர் முதல் மடக்கைத் தான் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் குடித்தார். அவர் தொண்டையில் மடக்கு இறங்குகிறதா என்று பார்த்தேன். அண்ணன் தம்பிக்குள் காடு இன்னும் பங்கு பிரிக்கவில்லை. காய்ச்சலும் இறங்கவில்லை.

அவர் எதிரில் நின்று பேசாதவள், கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "மாமா, இன்னொரு மடக்குக் குடிங்க."

"ஏங்கண்ணு, காச்சல் அவனுக்கா எனக்கா?" சிரித்துக்கொண்டே டம்ளரைக் காலி செய்தார்.

கதையில் அவனும் குடித்தானே! "ஆசுபத்திரிக்குப் போயிரலாமுங்க" என்று அழுதேன். அவர் சிரிப்பு நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். எனக்கு உயிரே போயிற்று. "மாமா, கஷாயத்துல என்னங்க போட்டீங்க?" கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"பஸ்ஸு ஏறுனா எனக்கு இப்படித்தான் சாமி. அதனாலதான் கீழ எறங்கறதே இல்ல."

மலேரியா என்றார்கள். ஊசி போட்டதில் என் வீட்டுக்காரர் பிழைத்தார். அண்ணன் நடந்தே மலையேறினார். ஏன் அப்படிக் கேட்டாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கு மருந்து கொடுத்தாலும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு மடக்குக் குடிப்பார். புத்தகத்தை மீதி படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை; பூச்சி தின்றுவிட்டது.

அண்ணன் தம்பி இருவருமே இன்று இல்லை. மருந்து அட்டையில் ஒட்டி வருகிறது. யாரும் குடித்துக் காட்டுவதில்லை. நேற்று மாத்திரையை வாயில் வைத்துக்கொண்டு மருமகள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்கத்தை, அப்படிப் பாக்கறீங்க? முழுங்குங்க."

முழுங்கினேன்.