பிலோமினாவின் 9.3

எங்கள் தீவில், டாலிகஞ்ச் தச்சுப் பட்டறையைக் கடக்கும்போது ஈரமான படாக் மரத்தூள் மணக்கிறது. உடனே, என்றோ இடிக்கப்பட்டு இன்று வண்டிகள் நிறுத்தும் இடமாகிவிட்ட, சாத்தம் மர மில்லுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளி ஆய்வுக்கூடம் கூப்பிடாமலே நினைவில் வந்து நிற்கிறது. மில்லில் பெரிய மரம் அறுபடும்போதெல்லாம் பலகைத் தரை நடுங்கும், டேபிள் நடுங்கும், நூலில் தொங்கும் ஊசல் குண்டு தன்பாட்டுக்கு வட்டம் போடும். ஆனாலும் கப்பலில் வந்த பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றே எல்லோரும் எழுதுவோம்.

என் டேபிள் கூட்டாளி பிலோமினா, மீன்பிடிக் குடும்பத்துப் பெண், இறுதிச் செய்முறைத் தேர்வில் 9.3 என்று எழுதி, பிழை 0.5 வரை இருக்கலாம் என்றும் சேர்த்தாள்.

"பாகலா நீ, பைத்தியமா? 9.8 போடுடீ. மெயின்லேண்ட் சீட் வேணாமா?" என்று கிசுகிசுத்தேன்.

"வராத நம்பர நீயே போட்டுக்கடா."

தீவுப் பிள்ளைகளுக்கென்று மெயின்லேண்ட் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு பௌதிக இடம். அதற்குப் போட்டி எங்கள் இருவருக்கும்தான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாளைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

"மில்லு ஓடுறப்ப டேபிள் ஆடுது சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆடுச்சா தம்பி?"

என் உள்ளங்கைக்குக் கீழே அது அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல சார்."

அவளுக்கு மதிப்பெண் குறைந்தது; சீட் எனக்குக் கிடைத்தது. கல்லூரியில் முதல் வகுப்பிலேயே, அளவீட்டில் நேரும் பிழையை மறைக்காமல் மதிப்பிட்டு எழுதுவது எப்படி என்று இரண்டு மணி நேரம் நடத்தினார்கள்.