முப்பத்தொரு மாலைகள்

இதில் ஒரு வரிகூட நான் கட்டியது இல்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஆட்களையும் நேரத்தையும் அன்றே குறித்து வைத்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1979, மாசி மகம். பாகான் டத்தோ பக்கம், எங்கள் தோட்டத்துச் சாமி கடலாடும் கரை. அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒலிபெருக்கிக் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் நான். பெயர் சதாசிவம்; தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் இரண்டாம் கிராணி. முன்னால் மைக், நோட்டு, கைக்கடிகாரம். எனக்கு வலப்பக்கம் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு சன்னாசி. அவன் காலடியில் பாட்டரிமேல் சாய்ந்துகொண்டு சீனி. கொட்டகைக்கு ஒரே வாசல். அதை அடைத்தாற்போல் கோப்பி வாளியோடு கருப்பம்மாள் அக்கா. எனக்கு இடப்பக்கம் ஒரு பெஞ்சு, கூட்டத்தில் தவறிய பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு. அப்போது அது காலி.

என் வேலை இதுதான். பிள்ளையின் பெயர், வயது, உடுப்பு, தாய் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். மைக்கில் மூன்று முறை கூப்பிடுவேன். மூன்றாவதற்குள் தாய் சேற்றுக்காலோடு ஓடி வந்துவிடுவாள்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. 1975இல் இதே கரையில் செல்லாயியின் மகளைக் கடல் கொண்டுபோயிற்று. ஆறு வயது. அந்தப் பிள்ளையைப் பற்றிச் செல்லாயியிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. துக்கம் கேட்கப் போனபோது சொல்லவில்லை. தம்பி வீட்டோடு இருக்கிறேன் என்று அவள் சுங்காய் ஊருக்குக் கிளம்பியபோது லாரி வரைக்கும் போனேன். அப்போதும் சொல்லவில்லை. நான்கு வருஷம் அது என் தொண்டையிலேயே கிடந்தது.

அன்று ஆறரை மணிக்குள் பதினேழு பிள்ளைகள் வந்து, பதினேழும் தாயோடு போய்விட்டன.

"பிள்ளைங்களத் தேடுனது போதும் கிராணி. அப்பனுங்களக் கூப்பிடுங்க லா. பாதிப் பேரு சாம்சு சாராயக் கடையில காணாம போயிட்டானுங்க" என்றாள் கருப்பம்மாள்.

"அங்க மைக்கு எட்டாதுக்கா. எட்டுனாலும் வர மாட்டானுங்க" என்றான் சீனி, கண்ணைத் திறக்காமலே.

6.41. சாமி படகு கரையை விட்டது. கூட்டம் மொத்தமும் தண்ணீர் ஓரத்துக்குப் போயிற்று. மேளம் நின்றது. ஒலிபெருக்கியின் 'ங்ங்ங்' இரைச்சல் மட்டும்.

6.48. நோட்டில் அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா..."

இடப்பக்கம். பெஞ்சில் ஒரு பிள்ளை. நான் தலையை முழுக்கத் தூக்கவில்லை. பச்சைக் கவுனின் விளிம்பும், தரைக்கு எட்டாமல் ஆடுகிற இரண்டு கால்களும் தெரிந்தன.

"பேரு என்னா மா?"

"பாப்பா."

வீட்டுக்கு வீடு ஒரு பாப்பா. எழுதிக்கொண்டேன்.

"வயசு?"

"ஆறு."

"அம்மா பேரு?"

"செல்லாயி."

அவள் போன பிறகும் தோட்டத்தில் இன்னும் மூன்று செல்லாயிகள் இருந்தார்கள். அதையும் எழுதினேன். ஒன்றுதான் லேசாக உறுத்தியது. வெளியே கணுக்கால் ஆழம் சேறு. பிள்ளையின் கால்களில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. யாராவது தூக்கி வந்து விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

6.50. முதல் முறை கூப்பிட்டேன்.

"செல்லாயி... செல்லாயி... உங்கள் மகள் பாப்பா, வயது ஆறு, பச்சைக் கவுன், ஒலிபெருக்கிக் கொட்டகையில் காத்திருக்கிறாள்."

யாரும் வரவில்லை.

6.52. இரண்டாம் முறை. அதே வார்த்தைகள். குரல் கடல்வரை போய்த் திரும்பி வந்தது.

அப்போது பிள்ளை கேட்டது.

"மாலையெல்லாம் போட்டு முடிச்சாச்சா ஐயா?"

என் பேனா நின்றது.

அந்த வருஷம் மாலை மரியாதை கிடையாது. யாருக்கு முதல் மாலை என்று அடிதடியாகி, அதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1975இல் இருந்தது. கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர்; நான் மைக்கில் பெயர் படிக்கப் படிக்க ஒவ்வொருவருக்கும் மாலை விழும். ஒரு பெயர் விட்டுப்போனாலும், வரிசை மாறினாலும், அந்தக் குடும்பமே கோயில் படி ஏறாது. நடுவில் வேறு அறிவிப்பு கூடாது என்பது கமிட்டி கட்டளை. பட்டியல் என் கையில். அன்று கொட்டகையில் நான் மட்டும். 6.25க்கு யாரோ ஒரு பச்சைக் கவுன் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். பெயரை எழுதிக்கொண்டு சொன்னேன்: "மாலையெல்லாம் போட்டு முடிக்கட்டும் மா. அப்புறம் அம்மாவக் கூப்பிடுறேன்."

முப்பத்தொரு பெயரையும் பிழையில்லாமல் படித்தேன். 6.52க்குத் திரும்பினால் பெஞ்சு காலி. தாய் வந்து கூட்டிப்போயிருப்பாள் என்று பெயரை அடித்துவிட்டேன்.

7.05க்குச் செல்லாயி ஓடி வந்தாள். "ஐயா, என் பாப்பாவப் பாத்தீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

அந்த மாலைப் பேச்சு எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். வேறு ஒரு உயிருக்குத் தெரியாது.

திரும்ப முடியவில்லை.

பெஞ்சு 'கிரீச்' என்றது.

"இந்தத் தடவ போக மாட்டேன் ஐயா. இங்கயே இருக்கேன்... கூப்பிடுங்க."

மைக் என் கையில்.

மூன்றாவது முறை...

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

இரைச்சல் நின்றது.

திரும்பினேன்.

காலி.

"என்னா கிராணி, ரெண்டோட நிறுத்திட்டீங்க?" சன்னாசி கேட்டான்.

"பிள்ள... எங்க?"

"எந்தப் பிள்ள? நீங்க தனியா முணுமுணுத்துக்கிட்டு நோட்டப் பாத்துதானே படிச்சீங்க?"

கருப்பம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "நான் வாசல விட்டு எந்திரிக்கவே இல்ல. என்னைத் தாண்டி ஒரு கோழிக்குஞ்சுகூட உள்ள வரல."

பெஞ்சில் கையை வைத்தேன். ஓர் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு இருந்தது.

எட்டாம் நாள் சுங்காயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செல்லாயிக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

"கிராணி ஐயாவுக்கு செல்லாயி சொல்றது. மகத்தன்னிக்குப் பொழுது சாயயில குசினியில சோறு வடிச்சிட்டு இருந்தேன். உங்க கொரலு கேட்டுச்சு. பாப்பா, வயசு ஆறு, பச்சைக் கவுன், கொட்டகையில காத்திருக்கான்னு ரெண்டு தடவ சொன்னீங்க. தம்பி பொண்டாட்டி காதுல விழல. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு அழுவுறா. மூணாவது தடவ கூப்பிட்டது நீங்க இல்ல ஐயா. அது என் பிள்ளை கொரலு. 'மாலை போட்டு முடிச்சாச்சும்மா, வா'ன்னு கூப்பிட்டா. என்ன மாலைன்னு எனக்கு விளங்கல. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. தெரியாட்டியும் தெரியாதுன்னு எழுதுங்க."

எங்கள் கரைக்கும் சுங்காய்க்கும் நாற்பது மைலுக்கு மேல். அவள் சொன்ன இரண்டு அழைப்பும், வார்த்தைக்கு வார்த்தை, என் நோட்டில் இருந்தன.

தெரியாது என்று எழுதலாம். ஒரு வரி போதும். அவளே அதற்கு வழி விட்டிருந்தாள்.

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். 6.25, பெஞ்சு, நான் பிள்ளையிடம் சொன்னது, முப்பத்தொரு பெயர், 6.52, பிறகு அவள் கேட்டதும் நான் இல்லை என்றதும். கமிட்டி கட்டளையைப் பற்றி எழுதிய வரியை மட்டும் அடித்துவிட்டேன். அது எனக்காக எழுதிய வரி. கடைசியில், பாப்பா உங்களைத்தான் கேட்டாள், அழவில்லை, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினேன். அது உண்மை. அதை எழுதும்போதுதான் மை கலங்கிப்போயிற்று.

அந்தத் தாளையே மடித்தேன். உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். தபால்தலை ஒட்டினேன். தபாலாபீஸ் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். கையை விட்டு எடுத்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை. நாலரைக்குத் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றையும் பையில் கொட்டினார். வாயை இறுக்கிக் கட்டினார்.

சைக்கிள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.