ஸ்கூலெஃப்ளி

‘ஸ்கூலெ’, அதாவது பள்ளிக்கூடம், என்று தொடங்கும் எந்தக் காகிதத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்துவிடுவேன். நோர்வேயில், இந்த ஹொல்ம்லியாவில் எங்கள் தமிழ் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான். பள்ளிக்கூடம் கேட்டால் வாசிக்க என்ன இருக்கிறது? பதினேழு வயதில் மகள் நீட்டிய தாளிலும் ‘ஸ்கூலெஃப்ளி’ என்று ஒரு சொல் இருந்தது. பள்ளிக்கூட விமானம். ஏதோ சுற்றுலா என்று நினைத்து, சப்பாத்துப் போட்டபடியே கையெழுத்து வைத்தேன்.

அந்த மாதம்தான் லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமானக் கொட்டகையைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கே சிலர் ஓர் இரட்டை இறக்கை விமானத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இறக்கைக்குத் துணி தைக்கும் நோர்வேஜியப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

“இது ஸ்கூலெஃப்ளி” என்றார் அவர். காதைத் தீட்டிக்கொண்டேன்.

இரண்டு உலகப்போர்களுக்கும் இடையில் கட்டியதாம். அதற்கு முன் சண்டைக்குச் செய்த விமானங்களிலேயே பழக்கி, எத்தனையோ இளசுகளை விழுந்து சாகவிட்டார்களாம். பிறகுதான் பழகுகிறவர் பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்ளும்படி, மெதுவாகப் பறக்கும் விமானம் செய்தார்கள். பின்னால் ஆசிரியருக்கும் ஓர் இருக்கை, விமானத்தை ஓட்ட இன்னொரு தடி. நல்ல மனம் படைத்த விமானம் என்று எனக்கும் பிடித்துப்போனது.

கீழ் இறக்கையின் பழைய துணியை அவர் உரித்தபோது உள்ளே வரிசையாக நான்கு இரும்புப் பிடிகள் தெரிந்தன. எதற்கு என்று கேட்டேன்.

“சின்னக் குண்டுகள் தொங்கவிட. அடுத்த போர் வரும்போலிருந்ததால் பிறகு சேர்த்தார்கள்” என்றார், ஊசியில் நூல் கோத்தபடி.

யாழ்ப்பாணத்தில் வானத்தில் எது வந்தாலும் எங்களுக்கு அது பொம்மர், குண்டு போடுகிற விமானம். எங்கள் ஒழுங்கைக்கு மேல் வட்டமடித்துக் குண்டு போட்ட சின்ன விமானமும் பயிற்சிக்கென்று செய்யப்பட்டதுதான் என்று இங்கே வந்த பிறகு வாசித்தேன். அன்று அக்கா பதுங்குகுழிக்கு வந்து சேரவில்லை.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கேட்டேன். “பிள்ளை, நான் சைன் வைச்சது என்னத்துக்கு?”

“பைலட் படிக்க, அப்பா. விமானப்படையிலை.”

“பொம்மரோ?”

“இல்லை. ஸ்கூலெஃப்ளி. படிக்கிறதுக்கு மட்டும்.”

“உன்ரை மாமிக்கு மேலை வந்ததும் படிக்கிற பிளேன்தான்.”

“ஆர் ஓட்டினது?”

“ஆருக்குத் தெரியும்? படிச்சு முடிச்ச பிள்ளை ஒண்டாத்தான் இருக்கும்.”

வசந்தத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. அவள் எடுபட்டுவிட்டாள். பதினெட்டுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்ததால் மறுபடியும் என் கையெழுத்து வேண்டும். ஊரில், வன்னியில் போர் மூண்டிருந்தது; தொலைக்காட்சியில் அதே செய்திதான். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தாளையும் பேனாவையும் என் முன் வைத்தாள்.

“இந்தமுறை வாசிச்சிட்டு வையுங்கோ, அப்பா.”

அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். விடுதி, சீருடை, வகுப்பு, விடுமுறை. குண்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த இரும்புப் பிடிகளும் துணிக்கு உள்ளேதான் இருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வாசிக்கச் சொன்னதே அவள்தான்; வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கையெழுத்து வைத்தேன்.