மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

டோல்கேட்டில் பஸ் நின்று கதவு திறக்கும்போது அடியிலிருந்து 'உஸ்' என்று காற்று விடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கிவாரிப் போடும். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவர்களுக்குச் சொல்லி மாளாது.

திருவொற்றியூரில் விமானப் பராமரிப்பு கற்றுக்கொடுக்கும் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். விமானம் என்றதும் எல்லோரும் பெரிய ஜெட்டை நினைத்துக்கொண்டு வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஷெட்டில் இருப்பவை இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்களின் எஞ்சின்கள். நாலு சிலிண்டர், அவ்வளவுதான். கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்து வந்து மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுவோம்.

அப்படி வந்த ஓர் எஞ்சினின் மரப்பெட்டிமேல், அது எந்த விமானத்தில் இருந்ததோ அதன் எழுத்துகளைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஷெட்டின் ஒரு மூலையில் தள்ளி வைத்துவிட்டோம். இரண்டு மழைக்காலம் போனது. வேறோர் எஞ்சினை இறக்க வந்த லாரி டிரைவர்தான் பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் எண்ணூர் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவர்கள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்களாம். பைலட் படிப்புக்குப் போன குப்பத்துப் பையன், குட்டி விமானத்தின்மேல் கைவைத்துச் சிரிக்கிற படம், கீழே வாழ்த்து. அந்த விமானம் விழுந்து அவன் போனபோது, வேறு படம் தேட யாருக்கும் தெம்பில்லாமல் அதே படத்தையே கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் கொடுத்துவிட்டார்கள். இரண்டிலும் விமானத்தின் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. குப்பத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இரண்டாம் நாள் அந்தப் பையனின் அப்பா எங்கள் கேட்டில் வந்து நின்றார். விசைப்படகு வைத்திருப்பவர். சட்டையில் டீசல் வாடை.

"விசாரண பண்ணி, ஓட்னவன் மேலதான் தப்புன்னு எழுதிட்டானுங்கோ. மிசின்ல ஒண்ணியும் இல்லியாம். நீ ஒருதபா பாத்து சொல்லும்மா."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத அந்த டிரைவர்மேல், இதை என் தலையில் கட்டிய விதியின்மேல். வெளியாளை உள்ளே விடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு வரவில்லை. "விமானம் ஏன் விழுந்துச்சின்னு இந்த டெஸ்ட்டு சொல்லாதுணா. காத்து நிக்குதா இல்லியான்னுதான் சொல்லும்" என்றேன். "அது போதும்" என்றார்.

பெட்டியைப் பிரித்து எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி, ஷெட்டில் கிடந்த ஒரு புரொப்பல்லரை, அதுதான் முன்னால் சுழலும் விசிறி, மாட்டினோம். கம்ப்ரஷன் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சிலிண்டருக்குள் எண்பது அளவுக்குக் காற்றைச் செலுத்துவோம். அதில் எவ்வளவு தாங்குகிறது என்று இன்னொரு மீட்டர் காட்டும். மீதி எங்கே ஒழுகுகிறது என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம்: காற்று ஏறும்போது எஞ்சின் திமிறிச் சுழலப் பார்க்கும். யாராவது புரொப்பல்லரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் மாணவனைக் கூப்பிடுமுன் அவரே போய்ப் பிடித்துக்கொண்டார். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். பிடி அசையவில்லை.

முதல் சிலிண்டர் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. ஒவ்வொரு முறையும் முள் நின்றபோது அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன். பிள்ளையைப் பெற்றவர், எஞ்சின் கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாவதில் முள் ஐம்பதுக்கு விழுந்தது. புகைக்குழாய் வழியாக 'உஸ்' என்று காற்று ஒழுகியது.

"இன்னாம்மா சத்தம் அது?"

"வால்வு சரியா மூடலணா. ஆனா இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு மழ இங்கயே கெடந்துகீது, உப்புக் காத்து, பவர் ஹவுஸ் சாம்பல் வேற. துரு கிரு ஒட்டிகினு இருக்கும். மரச் சுத்தியால லேசா தட்னா உதுந்துடும். தட்டிட்டுத்தான் இன்னொருவாட்டி பாக்கணும்."

நான் சுத்தியை எடுத்தேன்.

"தட்டாதம்மா."

அவர் குழாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோயிருந்தார். கை மட்டும் புரொப்பல்லரை விடவில்லை. "இத்தினி நாளா அல்லாரும் எம்புள்ள மேலதான் சொன்னானுங்கோ. இது ஒண்ணுதான் அவனுக்கோசரம் வாயத் தொறந்துகீது. அத்தப் போயி அடக்காத."

சுத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நாலாவது சிலிண்டரை அவர் பார்க்கவே இல்லை.

அதற்குப்பிறகு கரைக்கு வரும் நாட்களில் கேட்டுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். "கத்துதாம்மா?" என்பார். "கத்துதுணா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாவது சிலிண்டரைத் தட்டக்கூடாது என்று ஷெட்டில் சட்டமே போட்டுவிட்டேன். மாணவர்கள் அதில் பேய் இருக்கிறது என்று என் முதுகுக்குப் பின்னால் கிண்டலடித்தார்கள். நான் மறுக்கவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கந்தக வாடை இறங்கும் மத்தியானங்களில், கம்ப்ரஸரை அணைத்த பிறகும், அந்த மூலையிலிருந்து மூச்சு விடுவது எனக்கே கேட்டிருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னால் வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் காற்றைச் செலுத்தச் செலுத்த, முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. துருவைக் காற்றே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அந்தச் சிலிண்டரைத் தொடுவதையே நிறுத்தினேன்.

போன மாதம் நான் லீவு போட்ட ஒருநாள், என் சட்டம் தெரியாமல், என் இடத்தில் வந்தவர் அதே எஞ்சினில் வகுப்பெடுத்திருக்கிறார். மறுநாள் யாரும் வருவதற்குள் நானே புரொப்பல்லரைக் கட்டிவைத்துவிட்டுக் காற்றைத் திறந்தேன். முள் எழுபத்தைந்தில் ஏறி நின்றது. குழாயில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. நல்ல எஞ்சின். அந்த நிசப்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மத்தியானமே அவர் வந்தார்.

"கத்துதாம்மா?"

பொய் சொல்லவும் வரவில்லை, மெய் சொல்லவும் வரவில்லை. "அண்ணா, அது வந்து..." என்று இழுத்தேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அன்றைக்குப் புரொப்பல்லரைப் பிடித்த அதே பிடி.

"கத்துதுன்னே சொல்லும்மா" என்றார்.

"கத்துதுணா" என்றேன்.