இராஜம் கடையின் பின்னறை

புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் இராஜம் புத்தகக் கடை வைத்திருந்தாள். அவள் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. புருஷன் செத்ததும் கடை அவள் தலையில் விழுந்தது. அப்பியாசக் கொப்பி விற்றாள், கதைப்புத்தகங்களுக்குத் தூசு தட்டினாள், வாங்காமல் புரட்டுகிறவர்களை ஏசினாள்.

கடையின் விசித்திரம் பின்பக்கத்து அலுமாரி. போக்கிடமில்லாத யாராவது அதில் சாய்ந்தால் கதவு போலத் திறக்கும். உள்ளே உலர்ந்த பாய், சுடச்சுடத் தேநீர், சுவர் நிறையப் புத்தகம். மற்றவர்களுக்கு அது வெறும் அலுமாரி. சொந்த வீடுள்ள இராஜத்துக்கும் அது திறந்ததில்லை. என் கடை எனக்கே திறக்காதா என்ற கோபம் அவளுக்கு நிறைய உண்டு.

போன மழையில் மேல்தோட்டத்துத் தொழிலாளரின் லயத்து வீடுகள் மண்ணோடு சரிந்தன. அங்கே குடியிருந்த, ரப்பர் பால் வெட்டும் திரேசா, புருஷன் அந்தனியோடும் பிள்ளைகளோடும் நனைந்துபோய்க் கடைக்குள் ஒதுங்கினாள்.

"சேத்துக் காலோட அங்க சாயாதீங்க!" என்று இராஜம் கத்துவதற்குள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளின் சிரிப்பு மட்டும் கேட்டது.

சில மாதங்களில், வீடிழந்தவர்களுக்கு வீடு தரப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. திரேசா விண்ணப்பித்தாள். விசாரிக்க ஓர் அதிகாரி கடைக்கே வந்தார்.

"நீங்க மந்திர அறையில இருக்கீங்களாமே? வாடகையும் இல்ல. பிறகு எதுக்கு வீடு?"

"நீங்களே வந்து பாருங்க மாத்தையா," என்றாள் திரேசா.

அவர் அலுமாரியைத் தட்டினார், தள்ளினார், முதுகால் முட்டினார். அது அசையவில்லை.

"இங்க அறையே இல்லையே! அப்ப உங்களுக்கு விலாசமும் இல்ல. விலாசமில்லாதவங்களுக்கு வீடு குடுக்க ஏலாது."

இரண்டையும் ஒரே மூச்சில் நம்பும் வல்லமையை அரசாங்கம் அவருக்குச் சம்பளத்தோடு கொடுத்திருந்தது.

இராஜத்துக்குப் பொறுக்கவில்லை. "மரப்பலகை கூட ஆளப் பாத்துத் தொறக்குது. நீங்க ஆளப் பாத்தும் பாக்க மாட்டேங்கிறீங்க."

மறுநாள் கடையைப் பூட்டினாள். திரேசா குடும்பத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அதிகாரியின் மேசைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார வைத்தாள்.

"இனி இதுதான் இவங்க விலாசம். எழுதிக்குங்க."

அலுவலகத்தில் ஒருவருக்கும் விளங்காமல் போகக் கூடாதென்று அதையே சிங்களத்திலும் உரக்கச் சொன்னாள். திரேசா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிள்ளைகள் மேசைக்கடியில் ஒளிந்து விளையாடினார்கள். மத்தியானத்துக்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீடு வந்தது. கூரை ஒழுகியது. திறந்துவைக்க வந்த பெரியவர் வீட்டுக்குள்ளே குடை பிடித்தபடி, மக்களுக்கு நிழல் கொடுத்ததைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

அவர் போனபிறகு திரேசா இராஜத்துக்குத் தேநீர் கொடுத்தாள். சீனி காணாதென்று இராஜம் குறை சொன்னாள். பிறகு இன்னொரு கோப்பை கேட்டாள்.