கரியாலூரில் பார்த்த அமெரிக்கா

என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டவை மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். மூன்றிலும் கட்டணம் கிடையாது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மாதாமாதம் பணமும் தருவார்கள். செலவுக் கணக்கு அத்தோடு முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். முடியவில்லை. முதலாவது பெருநகரத்தில் இருந்தது. அவர்கள் தரும் பணத்தை அறை வாடகையே விழுங்கிவிடும். இரண்டாவது, சோளக்காட்டுக்கு நடுவில். வாடகை கம்மி, ஆனால் அங்கே படிக்கிறவர்களைக் கொண்டுவந்து இறக்கினால் எங்கள் கள்ளக்குறிச்சியில் நிற்க இடமிருக்காது. மூன்றாவது மலைமேல் ஒரு சின்ன ஊர். பாதி வருஷம் பனி. தரவரிசையில் மற்ற இரண்டுக்கும் கீழே.

எனக்கு அந்த மூன்றாவதுதான் வேண்டும். கரும்பில் செவ்வழுகல் நோய் வருமே, அதைக் கொண்டுவரும் இனத்துப் பூஞ்சைகளையே வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் அங்கேதான் இருந்தார். அம்மா வெட்டிய கரும்பில் படித்தவள் நான். அதில் வரும் நோயைப் பற்றி வேறு யாரோ படிக்கட்டும் என்று விட மனசில்லை.

அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். நான் சொன்ன அன்றைக்கே சரி என்றுவிட்டார். பிடிகொடுக்காதவள் அம்மா. எங்கள் கருணாபுரத்து வீட்டில், பிரவுசிங் சென்டரில் எடுத்த காகிதங்களைப் பரப்பிவைத்து, இது மெட்ராஸ் மாதிரி பெரிசு, இது இவ்வளவு சின்னது என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"யாரு போயி பாத்துட்டு வந்தது?"

எங்கள் பக்கத்தில், பார்க்காத இடத்துக்குப் பெண்ணை அனுப்புகிற வழக்கமில்லை. அக்காவை மணலூர்பேட்டையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். இலை போட்டுக் கூப்பிட்டும் யாரும் உட்காரவில்லை. பேச்சு முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"அமெரிக்காவுக்கு இன்னா டவுன் பஸ்ஸா போவுது, பாத்துட்டு வர்றதுக்கு?" என்றார் அப்பா.

"போவ முடியாத எடத்துக்கு பொண்ண மட்டும் அனுப்பலாமா?" என்றாள் அம்மா.

பதில் எழுத அந்த வாரம்தான் பாக்கி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "நம்ம கரியாலூரு மாதிரிதாம்மா அது. மலை, குளிரு, கொஞ்சம் ஜனம். வேணும்னா அத பாத்துக்கோ" என்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தால் அம்மா பட்டுப்புடவையில் நிற்கிறாள். அப்பா வெள்ளை வேட்டி. கூடையில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கரியாலூர் பஸ் ஏறினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் அப்பாவுக்குக் குமட்டியது. கரியாலூரில் இறங்கியபோது மூடுபனி. வேறு வழியில்லாமல், தெரிந்தவளைப் போலக் கையை நீட்டி ஆரம்பித்தேன். அதோ அந்த மேட்டில் ஹாஸ்டல் என்று வைத்துக்கொள், இந்தப் பக்கம் லேப், கடைகண்ணி எல்லாம் கீழே. அம்மா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். ஹாஸ்டல் மேட்டிலிருந்து லேப் வரைக்கும் நடந்தே பார்த்தாள்.

"மெட்ராசு மாதிரி இருக்குன்னியே, அதுவே தேவல. நாலு பேரு நடமாடுவாங்க" என்றாள்.

ஒரு வீட்டு வாசலில் நடுவயதுப் பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போய் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒடம்பு சரியில்லன்னா டாக்டரு உண்டா, இருட்டினா ஆள் நடமாட்டம் உண்டா, பொம்பளப் பிள்ளைங்க தனியா போய் வருமா. அந்த அம்மாள் அம்மாவின் பட்டுப்புடவையையும் வாழைப்பழத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எந்த வூட்டுப் பையனுக்கு பாக்கறீங்க? மேலத்தெருன்னா யோசிச்சி குடுங்க."

அப்பா சிரித்த சிரிப்பில் குமட்டலே நின்றுவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. பையன் இல்லை, படிப்பு, அதுவும் அமெரிக்காவில், அந்த ஊர் இந்த ஊர் மாதிரி இருக்குமாம், அதனால்தான் இங்கே வந்தோம் என்று வரிசையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குக் காது சுட்டது. அந்த அம்மாளோ அதை ஒரு நியாயமான காரியமாகவே எடுத்துக்கொண்டார்.

"மொதல்ல சாப்புடுங்க. சாமச்சோறு இருக்குது."

"வேணாம்மா. இன்னும் முடிவாகல" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் வற்புறுத்தவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணக் கேட்டீங்களா?"

அம்மாவின் கல்யாணத்தின்போது அவளை யாரும் கேட்கவில்லை. கழுத்தில் தாலி ஏறும்போதுதான் அப்பாவின் முகத்தையே பார்த்தாளாம். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா?"

காகிதம் காகிதமாகப் பேசியவளுக்கு அப்போது அழுகைதான் வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அம்மா அந்த மேட்டை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"கை கழுவ தண்ணி குடும்மா. சோறு போடு, சாப்புடறோம்."

மொச்சைக்கொட்டைக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அந்த மலையூருக்குத்தான் போனேன். உண்மையில் அது கரியாலூர் மாதிரி துளியும் இல்லை. போன புதிதில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை. முதல் விமானத்திலேயே திரும்பிவிடலாமா என்றிருந்தது. அப்போது பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து சாமைச்சோறு பிசைந்த அம்மாவின் கை ஞாபகம் வந்தது. என் அம்மா இந்த ஊரில் கை நனைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.