அணைச்சாச்சா அக்கா

ஏரிக்கரைப் பூங்காவில், குடும்பத்தோடு வந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்காக வரிசையாகக் கல் அடுப்புகள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்க்கிறவன் என்பதால் அக்காவின் சங்கதி எல்லாம் எனக்கு மனப்பாடம்.

காற்று வேகமாக அடித்தால் தீ மூட்ட விடமாட்டார். அடுப்பைச் சுற்றிச் சருகு கிடந்தால் முதலில் கையில் துடைப்பத்தைத் திணிப்பார். கிளம்புகிறவர்களை வாளியோடு மறித்து, "அணைச்சாச்சா?" என்பார். இளம் ஜோடிகளிடமும் அதே கேள்விதான். ஒரு பையன் வெட்கத்தோடு, "இன்னும் இல்லக்கா, இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கோம்" என்றுவிட்டான். அன்றிலிருந்து அவர் 'அணைச்சாச்சா அக்கா'. அப்படிக் கூப்பிட்டால் முறைப்பார். கேள்வியை மட்டும் மாற்றமாட்டார்.

"அணைச்சாச்சு" என்ற பதிலையும் நம்பமாட்டார். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பார்ப்பார். பிறகு தொடுவார். சூடு இல்லையென்றால்தான் "ஆறிடுச்சு" என்பார். அணைந்தது வேறு, ஆறியது வேறு என்பது அவர் கட்சி.

அக்கா தன் மகளைக் கட்டிக்கொடுத்த சில மாதங்களில் சம்பந்தி வீட்டார் பூங்காவுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா லேசுப்பட்டவர் அல்ல. மகள் அக்காவை வாசல் பக்கம் தனியே இழுத்து வந்து, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் உன் சட்டத்தையெல்லாம் மூட்டை கட்டி வை. அத்தைக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துடும். அப்புறம் அந்த வீட்ல இருக்கப்போறது நான்தான்" என்று கெஞ்சினாள். அக்கா தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆனால் அக்கா வாயே திறக்கவில்லை. சோளக்கதிர் சுட்டார்கள், சிரித்தார்கள், சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சம்பந்தியம்மாவே அடுப்பிலிருந்த கங்குகளை வெளியே இழுத்துப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். "அணைச்சாச்சு சம்பந்தி. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், பாவம். கண் மட்டும் அந்த மண்ணை விட்டு நகரவில்லை. மண்ணுக்கடியில் கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் வெறும் தரை. பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளோ வெறுங்காலோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வாளியை எடுத்தார். மகள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். வாளியைக் கீழே வைத்தார். அப்போது பந்து அந்தப் பக்கமாக உருண்டது, ஒரு பொடியன் அதன் பின்னால் ஓடி வந்தான்.

"நில்லுடா அங்கயே!"

அக்கா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த டிக்கெட் கட்டு விழுந்துவிட்டது. வாளித் தண்ணீர் முழுவதையும் மண்மேல் கொட்டினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சேறு தெறித்துச் சம்பந்தியம்மாவின் புதுச்சேலை நாசமானது.

சம்பந்தியம்மா கடுகடுவென்ற முகத்தோடு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் அழுதாள். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேம்மா!"

"மண்ணைப் போட்டது நான் இல்லடி. நான் தண்ணிதான் ஊத்தினேன்."

அப்படிச் சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் பார்த்துக் கொட்டியிருக்கக் கூடாதா இந்தப் பிடிவாதக்காரி என்று கோபமும் வந்தது. அக்கா கிளறினார், மறுபடி தண்ணீர் ஊற்றினார், மறுபடி கிளறினார்.

வேன் கதவு திறந்தது. சம்பந்தியம்மா இறங்கி வந்து, பந்தோடு நின்ற பொடியனின் வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டினார். தொட்டார்.

"ஆறிடுச்சு" என்றார்.

"அடுப்பா சம்பந்தி?" அக்கா நிமிராமலே கேட்டார்.

"அடுப்பு ஆறிடுச்சு. சேலையிலதான் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு. நீங்க துவைச்சுக் குடுத்தா அதுவும் ஆறிடும்."

மகள்தான் முதலில் சிரித்தாள்.